பதினான்கு இடங்களா, நான்கு அரைநாட்களா?

கேள்வி: ஜனவரி கடைசியில், குடியரசு தினத்தோடு சேர்ந்து வரும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சென்னைக்கு வருகிறோம். நங்கநல்லூரில் நாத்தனார் வீட்டில் தங்கல். மகள் பிளஸ் ஒன், எப்போதும் படம் வரைந்துகொண்டிருப்பாள். மகன் எட்டாம் வகுப்பு, கையில் கிடைத்த ரிமோட்டையெல்லாம் பிரித்துப் போடுவான். போன வருஷம் மைசூரில் மூன்றாவது இடத்துக்குப் போனதும் இரண்டு பேரும் வேனை விட்டு இறங்க மாட்டோம் என்று போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே சண்டை. இந்த முறை என் கணவர் மெரினா, கோட்டை, வள்ளுவர் கோட்டம், வண்டலூர், மாமல்லபுரம் என்று பதினான்கு இடம் எழுதி வைத்திருக்கிறார். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பட்டியலில் இருக்கிற எந்த இடத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டலூருக்கும் கோட்டைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பதினான்கையும் பார்க்கக் கிளம்பினால் பிள்ளைகள் பார்க்கப்போவது ஜி.எஸ்.டி. சாலை டிராஃபிக்கைத்தான். மைசூரிலும் அவர்களுக்கு அரண்மனை பிடிக்காமல் போயிருக்காது. ‘இறங்கு, பார், ஏறு’ என்று ஒவ்வொரு இடத்திலும் இன்னொருவர் சொன்னதுதான் பிடிக்காமல் போயிருக்கும். இந்த வயதில் அது மூன்றாவது தடவையே சலித்துவிடும்.

அதனால் இடங்களைக் கழிப்பதை விட்டுவிட்டு நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு ஒரு அரைநாள். அந்த அரைநாளில் எங்கே போவது, எதில் போவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவரவர் முடிவு. மற்ற மூன்று பேரும் முணுமுணுக்காமல் கூடப் போக வேண்டும், உங்கள் கணவர் உட்பட!

சனிக்கிழமையை மகனிடம் கொடுங்கள். இரவு ரயிலில் வந்த அலுப்பு தீர மதியம் வரை தூங்கட்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அவனுக்குச் சொல்லிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமைதான் சரி. குட்டி மோட்டார், சர்க்யூட் போர்டு, எல்.இ.டி., ஸ்பீக்கர் உதிரிபாகம் என்று தெரு முழுக்க அவன் உலகம். முன்னூறு ரூபாயைக் கையில் கொடுத்து, “உனக்கு வேண்டியதை நீயே பேரம் பேசி வாங்கு” என்று சொல்லி நான்கடி பின்னால் நில்லுங்கள். நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். வழி கண்டுபிடிப்பது அவன் வேலை. போனைப் பிடுங்க வேண்டிய அவசியமே வராது, அது அவனுக்கு வழிகாட்டப் பயன்பட்டுக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையம். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைக்க வழி தேடிய இடம் அது. சாயங்காலம் அங்கே அத்தோ கடைகள் களைகட்டும். நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். மேலே முறுகலான தட்டையை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். அதைச் சாப்பிடும்போது பர்மாக் கதையைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிப் போவதை நாக்கில் வைத்தபடி கேட்பார்கள்.

ஞாயிறு மதியம் மகளுக்கு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. அத்தனையும் பார்க்கிற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். என் அக்கா பிள்ளைகளை ஒரு முறை அப்படித்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர்களுக்கு நினைவில் நின்றது திமிங்கில எலும்புக்கூடு ஒன்றுதான். உங்கள் மகளை நேராக வெண்கலச் சிலைக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதின் அந்தச் சிலையை நேரில் பார்த்ததில்லை. வெறும் புகைப்படங்களைப் பார்த்துவிட்டே மெய்மறந்து எழுதினார், அது 1921-ல் அச்சில் வந்தது. அவருக்குக் கிடைக்காதது உங்கள் மகளுக்கு ஒரு டிக்கெட்டில் கிடைக்கும். ஒரு நோட்டு, ஒரு பென்சில். காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தூக்கிய அந்தக் காலை மட்டும் அவள் ஒரு மணி நேரம் வரைந்தாலும் தொந்தரவு செய்யாதீர்கள். தம்பிக்குப் பொறுமை போனால் அப்பாவோடு திமிங்கிலத்தைப் பார்க்கப் போகட்டும். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறைகளிலும் அருங்காட்சியகம் கிடையாது, அதனால் இதைத் திங்களுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இதற்கு நடுவே ஒன்று. இதை மட்டும் நான் கெஞ்சியே கேட்பேன். பங்குனி ஆமைகள் என்ற கடல் ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட சென்னைக் கரைக்கு வரத் தொடங்கும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்று 1988-லிருந்து இயங்குகிறது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சீசனில் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். வார இறுதி நடைகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். சனி இரவு நடைக்கு இப்போதே விசாரித்து வையுங்கள். டார்ச் கூடாது, சத்தம் கூடாது, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், முடிய விடியற்காலை ஆகிவிடும். நாத்தனார் வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அலையிலிருந்து ஏறிவந்த ஆமையின் தடம் டிராக்டர் சக்கரம் போனதுபோல மணலில் கிடக்கும். தங்களைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு அண்ணனோ அக்காவோ அங்கே முழங்காலிட்டு, குச்சியால் மெல்லக் குத்திக் கூட்டைத் தேடுவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் போதும். அன்றைக்கு ஆமை வராமலும் போகலாம். செத்து ஒதுங்கிய ஆமையையும் பார்க்க நேரலாம், ஆமைக்கும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் அப்படி ஒதுங்கின. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். மறைக்க வேண்டிய வயதைத் தாண்டிவிட்டார்கள்.

மகன் அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் வீடு திரும்பி ஒரு தூக்கம் போட்டால் இது தாங்கும். ஞாயிறு காலை யாரையும் எழுப்பக் கூடாது.

திங்கள் காலை உங்கள் கணவருக்கு. காமராஜர் சாலையில் குடியரசு தின அணிவகுப்பு நடக்கும். சீக்கிரமே போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், இருட்டோடு கிளம்ப வேண்டும். முதல் இரண்டு நாளும் அப்பா முணுமுணுக்காமல் கூட வந்திருந்தால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே கடற்கரையையும் பார்த்தாயிற்று. மாமல்லபுரம் தனியாக ஒரு நாள் கேட்கிற ஊர், அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சாயங்காலத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் மகளுக்கு என்ன பிடிக்கும், மகனுக்கு என்ன பிடிக்கும், கணவர் என்ன எழுதி வைத்திருக்கிறார், எல்லாம் இருக்கிறது. நீங்கள் சென்னையில் என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. ரயில் ஏறுவதற்கு முன்னால் அதை முடிவு செய்து மூன்று பேரிடமும் சொல்லிவிடுங்கள்.