வேலையிழந்த மகளுக்காகக் கவலைப்படும் ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் வேலையை இழந்து மூன்று வாரங்களாகியும், “யாரிடமும் கையேந்த மாட்டேன்” என்று சொல்லி வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கத்தைத்தான் முதலில் போக்க வேண்டும். பல நாடுகளில் இந்தத் தொகை ஒரு காப்பீடு. சம்பளம் வாங்கிய காலத்தில் ஊழியரோ நிறுவனமோ இருவருமோ கட்டிய சந்தாவிலிருந்து வருவது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952-இல் ஏற்றுக்கொண்ட 102-ஆம் உடன்படிக்கை, நோய், முதுமை, மகப்பேறு ஆகியவற்றோடு வேலையின்மையையும் சமூகப் பாதுகாப்பின் ஒரு பிரிவாகவே வைத்திருக்கிறது. மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்த வெட்கப்படாதவர் இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, நாள் கடத்தக் கூடாது. பல இடங்களில் தொகை வேலை போன நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை; விண்ணப்பித்த வாரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் சில நாட்கள் தொகை இல்லாத காத்திருப்புக் காலமும் உண்டு. மேற்சொன்ன உடன்படிக்கை அதை ஏழு நாட்கள் வரை அனுமதிக்கிறது. ஆகவே எல்லாச் சான்றுகளும் சேரட்டும் என்று காத்திராமல், கையில் இருப்பதை வைத்து விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு, மீதியைக் கேட்கும்போது கொடுப்பதே நல்லது.

வேலை எந்தக் காரணத்தால் போனது என்ற கேள்வியில்தான் நான் மிகுந்த கவனத்தைக் கேட்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நான்காக மடித்திருந்த தாள் ஒன்றை என் மேசையில் விரித்து வைத்தார். நிறுவனமே தட்டச்சு செய்து கொடுத்த பதவி விலகல் கடிதம் அது. “சொந்தக் காரணங்களுக்காக” என்ற சொற்களுக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. உண்மையில் அவர் பணியாற்றிய பிரிவையே மூடியிருந்தார்கள். விலகியதாக எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலைக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார். தக்க காரணமின்றித் தாமாக விலகியவருக்கும், வேண்டுமென்றே தவறு செய்து நீக்கப்பட்டவருக்கும் தொகையை நிறுத்தி வைக்க விதிகளில் இடம் இருப்பதால், அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிரிவை மூடுவதாக அவருக்கு வந்திருந்த மின்னஞ்சலைக் காட்டி மேல்முறையீடு செய்த பிறகே, நான்கு மாதம் கழித்துப் பணம் கிடைத்தது. உங்கள் மகள் இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால், படித்துப் பார்க்காமல் இட வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு என்றே எழுதட்டும். மிகையும் வேண்டாம், மறைப்பும் வேண்டாம்.

தொகை வரத் தொடங்கிய பின்னும் கடமைகள் உண்டு. வேலைக்குத் தயாராக இருப்பதையும் வேலை தேடுவதையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தில், எந்தப் பணிக்கு விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்பதை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வைத்தால் போதும். இடையில் கிடைக்கும் பகுதிநேர வருமானத்தையும், நிறுவனம் தந்த இழப்பீட்டையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். பின்னாளில் தெரியவந்தால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அபராதமும் வரலாம்.

ஏதேனும் படிப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேரலாம்; ஆனால் முழுநேரப் படிப்பில் இருப்பவர் உடனே வேலைக்கு வர முடியாதவர் என்று கருதப்படக்கூடும் என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி பெறுவது அவசியம்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் மனம் தளர வேண்டாம். மேல்முறையீட்டு உரிமையை அதே உடன்படிக்கை வலியுறுத்துகிறது. கெடு பெரும்பாலும் சில வாரங்களே என்பதால், கடிதத்தில் உள்ள தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மகளுக்குப் பதிலாக நீங்கள் படிவத்தை நிரப்ப வேண்டாம். அதில் உள்ள ஒவ்வொரு உறுதிமொழிக்கும் அவரே பொறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டுகளில் உள்ள தேதிகளையும் தொகைகளையும் வாசித்துச் சொல்லுங்கள்; அவர் எழுதட்டும்.