கணவரின் தூக்கம் கெடக்கூடாது என்றா சோபாவுக்குப் போனீர்கள்?

கேள்வி: எனக்கு மூன்றரை மாத ஆண் குழந்தை இருக்கிறான். தாய்வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நன்றாக இருக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இரவில் பலமுறை அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். குழந்தையின் காலில் மாட்டிவிட்டால் இதயத் துடிப்பைக் கைப்பேசியில் காட்டும் கருவியை வாங்கலாமா? மல்லாக்கப் போட்டால் பால் புரையேறும், கவிழ்த்துப் போடு என்கிறார் மாமியார். கணவர் காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் குழந்தை அழுதால் ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். சில நாள் அப்படியே விடிந்துவிடும். எனக்கு வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: இந்த அச்சத்தைச் சுமந்து வரும் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது, நீங்கள் கேட்ட கேள்விகள் எதுவும் இல்லை. போகிறபோக்கில் எழுதிய 'சில நாள் அப்படியே விடிந்துவிடும்' என்ற வரிதான். குழந்தையை மார்போடு அணைத்தபடி சோபாவில் தூங்கிப்போகிறீர்கள் என்பதுதானே இதற்கு அர்த்தம்? மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பயப்படும் நீங்கள், கைக்குழந்தை தூங்குவதற்கு மிக ஆபத்தான இடங்களில் ஒன்றுக்கு உங்கள் கையாலேயே அவனைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

சோபா பின்புறம் சரிந்திருக்கும். அதன் மெத்தை அழுந்தும். தாய் கண்ணயர்ந்ததும் கை தளரும், குழந்தை மெல்ல நழுவி அவள் உடம்புக்கும் சாய்மானத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் போய்ச் சிக்கும். அங்கே மூக்கு அழுந்தினால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பலம் மூன்றரை மாதக் கழுத்துக்குக் கிடையாது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், அழுகைச் சத்தம்கூட வராது. அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 2004 முதல் 2012 வரை தூக்கத்தில் நேர்ந்த 7,934 குழந்தை மரணங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 1,024 சோபாவில் நிகழ்ந்தவை என்று தெரிந்தது. சோபாவிலோ மெத்தென்ற சாய்வு நாற்காலியிலோ பெரியவரோடு தூங்கும் குழந்தைக்கு ஆபத்து 67 மடங்கு வரை கூடுகிறது என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் எச்சரிக்கிறது. அதே சங்கம், பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், தலையணையும் போர்வையும் அகற்றிய படுக்கையில் இருந்து கொடுப்பது சோபாவைவிட ஆபத்துக் குறைவு என்றும், விழித்த உடனே குழந்தையை அதன் தனி இடத்தில் கிடத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே, உங்கள் படுக்கையறையில் உங்கள் கட்டிலிலேயே உட்கார்ந்து பால் கொடுங்கள். கணவரின் தூக்கம் கலைந்தால் கலையட்டும்.

இதில் உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இரண்டு வாரமாக இப்படித் தூங்கி வழிகிறீர்களே, அதை வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொன்னீர்களா? தாய்வீட்டில் இருந்தவரை குழந்தையை வாங்கிக்கொள்ள உங்கள் அம்மா இருந்திருப்பார். இங்கே வந்ததும் நல்ல மருமகள் என்ற பெயருக்காக வாயை மூடிக்கொண்டு, அழும் குழந்தையோடு அறையை விட்டு வெளியேறுகிறீர்கள். பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்து அந்தப் பெயரை வாங்க வேண்டியதில்லை. உங்கள் கணவருக்கும் சொல்கிறேன்: பகலெல்லாம் பிள்ளையைப் பார்க்கிறவளுக்கும் மறுநாள் வேலை உண்டு. தகப்பன் என்றால் இரவிலும் தகப்பன்தான். இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் பாலைக் கொடுத்துவிட்டு நீங்கள் படுத்துவிடுங்கள். அடுத்த பாலுக்கு அவன் அழும் வரை கணவர் பார்த்துக்கொள்ளட்டும். நடுநிசியில் நீங்கள் பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவழைத்துப் படுக்க வைக்கும் வேலை அவருடையது. மாமியார் அதிகாலையில் எழுகிறவராக இருந்தால் அந்த நேரத்துக்கு அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். அவரும் பேரனைக் கொஞ்சுவதற்கு மட்டும் பாட்டி ஆகிவிடவில்லை.

கவிழ்த்துப் போடும் விஷயத்தில் மாமியார் சொல்வது தவறு. அவர் காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள் என்பதால் அவரைக் குறை கூறவும் முடியாது. பிரிட்டன் 1991-லும் அமெரிக்கா 1994-லும் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தபின் அங்கே இத்தகைய மரணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. புரையேறும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், எதுக்களித்த பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் கடினம். கவிழ்த்துப் போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். குப்புறப் போட்டுக் கொஞ்ச வேண்டுமானால், அவன் விழித்திருக்கும்போது, கண்ணெதிரே செய்யட்டும்.

கருவியை வாங்க வேண்டாம். ஆரோக்கியமான குழந்தைக்கு அது இந்த மரணத்தைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை; அது காலில் இருக்கிறது என்ற தைரியத்தில் நீங்கள் சோபாவிலேயே தூங்குவீர்கள் என்பதுதான் என் பயம். அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் கொண்டு, அழுந்தாத தட்டையான மெத்தையுடன் ஒரு சிறிய மரத்தொட்டிலை வாங்கி உங்கள் கட்டிலை ஒட்டிப் போடுங்கள். குழந்தையின் படுக்கையில் தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது. சேலைத் தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் படிந்துவிடும் என்பதால் இரவு முழுவதும் அதில் விடாதீர்கள். சாம்பிராணிப் புகையும், வீட்டில் யாரேனும் பிடித்தால் சிகரெட் புகையும் அவன் இருக்கும் இடத்துக்கே வரக் கூடாது.

இத்தனையும் செய்தாலும் ஆபத்து அடியோடு நீங்கிவிடும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் இந்த மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆறு மாதத்துக்குள் நேர்பவை, அதிலும் இரண்டிலிருந்து நான்கு மாதம் வரை மிகுதி. உங்கள் மகன் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் இந்தப் பதிலைக் கணவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் 'எனக்குத் தூக்கம் முக்கியம்' என்று அவர் சொன்னால், குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை அம்மா வீட்டுக்கே போய்விடுங்கள். கேட்பவர்களிடம் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.