சான்றிதழ் நிறைய, வேலை அதே கவுண்டர்

கேள்வி: அக்கா, சுங்கை சிப்புட்டில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருக்கிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து படிக்க வைத்தார். வங்கியில் வருஷம் முழுக்க ஏதாவது பயிற்சி. கணினியில் பார்த்து, பதிலைத் தட்டினால் சான்றிதழ் வந்துவிடும். வேலைதான் மாறவே இல்லை. சம்பளம் பரவாயில்லை, மனசு ஒட்டவில்லை. விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: இப்போதைக்கு விடாதேம்மா. நானும் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான், உன் கடிதம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

சம்பளம் இருந்தும் மனசு ஒட்டாதது உன் குறையில்லை. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் வட்டாரத்து எஞ்சினியர்கள், கணக்கர்கள் சுமார் 200 பேரிடம் பேசி 1959-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. சம்பளமும் மேலாளரும் சரியில்லாவிட்டால் கசப்பு வரும். சரியானால் கசப்பு போகும், அவ்வளவுதான். திருப்தி வருவது செய்கிற வேலையிலிருந்தும் கையில் தருகிற பொறுப்பிலிருந்தும்.

கடன் மதிப்பீடு பற்றியும் பாடம் பார்த்திருப்பாய். ஒரு கடன் கோப்பையாவது திறக்க விட்டார்களா? சிறு தோட்டக்காரர் ஒருவர் லாரிக்குக் கடன் கேட்டு வருகிறார். செம்பனைப் பழ விலை இறங்குகிற மாதத்தில் தவணையை எப்படிக் கட்டுவார்? இதில் பாதி உன் அப்பாவுக்கே தெரியும். அந்த அறிவோடு வளர்ந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் சான்றிதழ் கொடுத்து உட்கார வைப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

சரி, வழி என்ன? பொறுப்பான இடத்தில் இருப்பவர்கள் வருஷத்தில் ஒருமுறை தொடர்ச்சியாகச் சில நாள் லீவு எடுத்தே ஆகவேண்டும் என்ற விதி பல வங்கிகளில் உண்டு. அந்த நாட்களில் வேறொருவர் அந்த வேலையைப் பார்த்தால், ஏதும் தில்லுமுல்லு இருந்தால் வெளியே வந்துவிடும். அதற்காக வைத்த விதி. உனக்கு அதுதான் வாசல். மேலாளரிடம் போய், “கணக்குத் திறக்கும் மேசையில் இருப்பவர் லீவில் போகும்போது நான் பார்க்கிறேன், முன்கூட்டியே பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன்” என்று கேள். அன்றைக்கே ஈமெயிலிலும் போட்டுவிடு. அங்கே நிலைத்த பிறகு கடன் மேசையைக் கேட்கலாம்.

அதுவரை கவுண்டரை லேசாக எண்ணாதே. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் போட்டு வைத்திருக்கும் தோட்டத்துப் பாட்டி ஒருவர், ஃபோனைக் காதில் வைத்தபடியே மொத்தத்தையும் யார் கணக்குக்கோ மாற்றச் சொன்னால், “யாருகிட்ட பேசுறீங்க பாட்டி?” என்று தமிழில் கேட்க நீதானே இருக்கிறாய்? மோசடியில் பணம் போய்விட்டிருந்தால் உடனே 997-க்கு, அதான் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணுக்கு, அழைக்க வைப்பதும் நீதான். இப்படித் தடுத்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வை. ஆண்டு மதிப்பீட்டில் விற்ற இன்சூரன்ஸ் கணக்கோடு இதையும் மேசையில் வை.

அப்புறம், வெளியிலும் மதிப்புள்ள தகுதி வேண்டுமென்றால் ஆசியச் சார்ட்டர்ட் வங்கியாளர் கழகத்தின் தேர்வுகளைப் பார். 1977-இல் தொடங்கிய பழைய நிறுவனம். கட்டணத்தை உன் வங்கி ஏற்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்.

ஒரு வருஷம் கேட்டும் கையை விரித்தால், ஈப்போவில் வேறு வங்கிக்கு விண்ணப்பம் போடு. புது வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. லீவு அட்டவணையைப் பெரும்பாலும் வருஷக் கடைசியில் போட்டுவிடுவார்கள், அதற்கு முன்னால் மேலாளரைப் பார்த்துவிடு.