சுழற்சிப் பொருளாதாரத்தில் வெவ்வேறு தொழில்கள் ஏன் கைகோக்கின்றன?

சுழற்சிப் பொருளாதாரம் என்றால் பொருளைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அதில் ஓர் ஆலை கழிக்கும் பொருள் இன்னோர் ஆலைக்கு மூலப்பொருளாவதுதான் இந்தக் கைகோப்பு. நம் வீட்டுக் கழுநீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறதே, அதே கதை. கழிவு ஒரு துறையில், தேவை வேறொரு துறையில் இருப்பதால் பல நேரங்களில் ஒரே துறைக்குள் இது முடிவதில்லை.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம்), கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்க 1979-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம். சர்க்கரை ஆலைகளோ அந்தச் சக்கையை எரித்துத்தான் தங்களுக்கு வேண்டிய நீராவியை எடுத்துக்கொண்டிருந்தன. சும்மா கேட்டால் தருவார்களா? பண்டமாற்றுதான் வழி: காகித ஆலை, சர்க்கரை ஆலையிலேயே நிலக்கரிக் கொதிகலன் வைத்து நீராவி கொடுத்தது, சக்கையை வாங்கிக்கொண்டது. கெட்டிக்கார ஏற்பாடு!

சரி, கழிவுதானே, இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே சக்கைக்கு ஈடாக நிலக்கரி எரிகிறது, அதையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.