ரைக்ஸ்டாக்குக்குத் தீ வைத்தது வான் டெர் லுப்பே தானா?

தீ வைத்தாரா என்றால், ஆம். தனியாகவா என்பதில்தான் இன்றும் சண்டை.

1933 பிப்ரவரி 27 இரவு, எரிந்துகொண்டிருந்த ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக்குக்குள் மேற்சட்டையின்றி, வியர்வை வழியப் பிடிபட்டார் மரினுஸ் வான் டெர் லுப்பே. நெதர்லாந்தின் லைடன் நகரத்துக் கொத்தனார், வயது 24. வேலையில் சுண்ணாம்பு தெறித்துக் கண்பார்வை பெரிதும் கெட்டிருந்தது. அரைக்குருடர் ஒருவர், அடுப்புக்கரி பற்றவைக்கும் கட்டிகளோடு, அவ்வளவு பெரிய மண்டபத்தைச் சில நிமிடங்களில் கொளுத்த முடியுமா? சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

நாஜிகளே செய்தார்கள் என்பவர்களுக்கு 2019-இல் ஒரு ஆவணம் கிடைத்தது. லுப்பேயைக் காரில் கொண்டுபோய் விட்டபோதே அங்கே புகை வாடை அடித்தது என்று ஒரு நாஜிப் படைக்காரர் 1955-இல் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அது. மறுபக்கம், இரண்டு நாள் முன்பு பெர்லினில் வேறு கட்டடங்களுக்கும் அவர் தீ வைக்க முயன்றிருந்தார்; தனியாகவே செய்தேன் என்று கடைசிவரை சொன்னார். எனக்கு அவர் சொன்னதே நம்பும்படி இருக்கிறது.

தண்டனையோ அப்பட்டமான அநியாயம். அவர் தீ வைத்த அன்று அக்குற்றத்துக்கு மரண தண்டனையே கிடையாது. மார்ச்சில் புதுச் சட்டம் போட்டு, அதை முன்தேதியிட்டுப் பொருத்தினார்கள். விசாரணையில் உடன் நிறுத்தப்பட்ட நான்கு கம்யூனிஸ்டுகளும் விடுதலையாக, 1934 ஜனவரி 10 அன்று லைப்சிக்கில் இவர் தலை மட்டும் கில்லட்டினில் விழுந்தது. 25-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. தீர்ப்பு ரத்தானதாக 2008-இல்தான் அறிவித்தார்கள்.