செத்த குத்தகைக்கு உயிர் கொடுக்கும் கையெழுத்து

டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் பக்கம் வீடு வாங்கிய வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பில்டர் மறைத்தது, எரிவாயுக் கிணற்றுச் சத்தம், ஏஜென்ட் வாய் திறக்காதது எல்லாம் இருக்கிறது. கேள்வி கடைசி வரியில்தான்: முந்தைய உரிமையாளர் 2006-இல் எழுதிக்கொடுத்த எரிவாயுக் குத்தகை இன்னும் செல்லுமா? அந்தக் குத்தகையை வைத்திருக்கும் கம்பெனி அனுப்பிய ‘உறுதிப்படுத்தும் பத்திரத்தில்’ கையெழுத்துப் போட்டு 1,500 டாலர் வாங்கிக்கொள்ளலாமா?

சத்தத்தை விடுங்கள். அங்கே வீட்டுக்காரரைவிட நிலத்தடிக் கனிமம் வைத்திருப்பவர் கைதான் ஓங்கியிருக்கும். கனிம உரிமை உங்கள் பெயருக்கு வந்ததா என்று கிரயப் பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள், வந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

“இத்தனை வருஷம் ஆகிவிட்டதே” என்கிறீர்கள். வருஷக் கணக்கு இங்கே எடுபடாது. மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ, குத்தகையில் எழுதிய முதல் காலம் முடிந்தபின், லாபம் தரும் அளவுக்கு எரிவாயு வந்துகொண்டிருக்கும்வரை குத்தகை ஓடும். கிணறு உங்கள் மனையில் இருக்க வேண்டியதில்லை. பல மனைகளைச் சேர்த்து வகுத்த பரப்பில் எங்கே இருந்தாலும் போதும். ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கிணறு எப்போதாவது நின்றதா? மாதவாரி உற்பத்திக் கணக்கு டெக்சஸ் ரெயில்ரோட் கமிஷனிடம் இருக்கிறது. பெயர்தான் ரயில், பார்ப்பது எண்ணெயும் எரிவாயுவும்.

நின்றிருந்தால் குத்தகை செத்திருக்கலாம். மூடிய கிணற்றுக்குச் சிறு தொகை கட்டி உயிர் பிடித்து வைக்கும் ஷரத்தும் இருக்கக்கூடும், அதையும் படியுங்கள். ஆனால் செத்ததை நீங்களே எழுப்பிவிடக் கூடாது. என் கட்சிக்காரர் ஒருவரின் கிணறு இரண்டு வருஷம் வறண்டு கிடந்தது. கம்பெனி அனுப்பியது ஒரே ஒரு தாள், ‘குத்தகை அமலில் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் 25 சதவீத ராயல்டிக்கு, அதாவது எரிவாயு விற்பனையில் உரிமையாளருக்கு வரும் பங்குக்கு, புதுக் குத்தகை போட்டார். இவருக்குப் பழைய 18.75 தான். கிணறு நிற்காமல் ஓடியிருந்தால் உங்கள் கையெழுத்து எதற்கு? 1,500 டாலரை யாரும் சும்மா தருவதில்லை. இன்னொரு வகை உறையும் வரும். குத்தகை மாதிரி இருக்கும், உள்ளே கனிமத்தையே விற்றுவிடும் கிரயப் பத்திரம்.

அதற்காகக் கேஸ் போடக் கிளம்பாதீர்கள். சேர்த்து வகுத்த 320 ஏக்கர் பரப்பில் உங்கள் மனை 0.2 ஏக்கர் என்று வையுங்கள். மாதம் ஒரு லட்சம் டாலருக்கு எரிவாயு விற்றாலும், 25 சதவீதத்தில் உங்கள் பங்கு பதினைந்தரை டாலர் சொச்சம். என் ஒரு மணி நேரக் கட்டணத்துக்கே காணாது. கிணறு நின்றிருந்தால் தெருவில் பத்து வீடு சேர்ந்து புதுக் குத்தகை பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த 1,500 டாலர் காசோலையை வங்கியில் போடாதீர்கள்.