இரத்தத்தில் கரியமில வாயு கூடினால்...

கேள்வி: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள என் தந்தைக்கு (வயது 72) இரத்த வாயுப் பரிசோதனையில் கரியமில வாயு 62 என்று வந்திருக்கிறது. விரலில் மாட்டும் கருவியோ ஆக்சிஜன் 90 என்று காட்டுகிறது. வீட்டிலுள்ள ஆக்சிஜனைக் கூட்டி வைக்கலாமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள், சகோதரி. தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருப்பதே இயல்பு. விரல் கருவி ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. மூச்சு முழுமையாக வெளியேறாமல் உள்ளே தேங்கும் கரியமில வாயுவை அது காட்டாது. இத்தகைய நோயாளிகளுக்குப் பொதுவாக விரல் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 விழுக்காடு இருப்பதே இலக்காக வைக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறும்படி ஆக்சிஜன் கொடுத்தால், நுரையீரலில் இரத்தம் பாயும் ஒழுங்கு மாறுவது உள்ளிட்ட காரணங்களால் கரியமில வாயு மேலும் ஏறக்கூடும்.

அறிக்கையில் பிஎச் அளவையும் (இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடுகிறது) பாருங்கள். கரியமில வாயு பல மாதங்களாக மெல்ல ஏறியிருந்தால் சிறுநீரகங்கள் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டைச் சேமித்து ஓரளவு ஈடுகட்டியிருக்கும், பிஎச் 7.35-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடல் சமாளிக்கத் திணறுகிறது என்று பொருள், அப்போது மூச்சுக்கு உதவும் பைபாப் என்னும் முகமூடிக் கருவி தேவைப்படலாம். காலைத் தலைவலி, பகல் தூக்கம், கை நடுக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

தந்தை குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பியும் விழிக்காமல் அரைமயக்கத்தில் கிடந்தாலோ, "அசதியில் தூங்குகிறார்" என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.